ஆடும் ஸ்டீயரிங்குக்கு வெல்டிங் மருந்தல்ல

பழைய அமெரிக்கக் கார்களை வைத்திருப்பவர்கள் கூடும் இடங்களில் ஒரு கருத்து கேட்பாரற்று உலவுகிறது. சாய்த்து நிமிர்த்தும் ஸ்டீயரிங் உள்ள ஒரு ஜெனரல் மோட்டார்ஸ் காரில் ஸ்டீயரிங் மேலும் கீழும் ஆடத் தொடங்கிவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். "வயசான வண்டி, அப்படித்தான் ஆடும்" என்பார் ஒருவர். "உனக்குத் தோதான இடத்தில் நிறுத்தி வெல்டிங் வைத்துவிடு, யார் தினமும் சாய்க்கப் போகிறார்கள்?" என்பார் அடுத்தவர். கையில் காசு உள்ளவர், "தண்டையே கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு" என்பார். கேட்க மூன்று யோசனைகள். ஆனால் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். அந்த ஸ்டீயரிங் தண்டின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. பார்க்கவே கூடாத ஏதோ ஒன்று அங்கே இருப்பதாக ஒரு பயம். அந்தப் பயத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. பத்து வண்டிகளில் ஒன்பதில் அங்கே இருக்கும் கோளாறு, தளர்ந்துபோன நான்கு போல்ட்டுகள். அவற்றை முறுக்குவதே சரியான வைத்தியம். மற்ற மூன்றும் சோம்பலுக்குப் பூசிய நியாயம் என்றே சொல்வேன்.

முதலில் இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஜெனரல் மோட்டார்ஸின் ஸ்டீயரிங் பிரிவு மிச்சிகன் மாநிலத்தில் சாகினா என்ற ஊரில் இயங்கியது. அந்தப் பிரிவு 1963ஆம் ஆண்டு மாடல் கார்களுக்கு, 7 நிலைகளில் சாய்த்து நிறுத்தக்கூடிய ஸ்டீயரிங்கைக் கொண்டுவந்தது. 1965இல் சாய்வோடு நீளமும் கூட்டிக் குறைக்கும் வகை காடிலாக்கில் வந்தது. போர்டு நிறுவனம் 1961இலேயே தண்டர்பேர்டில் வேறொரு வழி பார்த்திருந்தது: வண்டி பார்க் கியரில் நிற்கும்போது ஸ்டீயரிங் முழுவதையும் வலப்பக்கம் தள்ளிவிட்டு ஏறி இறங்கலாம். அதே ஆண்டு அறிமுகமான பிரிட்டனின் ஜாகுவார் ஈ-டைப்பில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள சொரசொரப்பான வளையத்தைத் தளர்த்தினால் ஸ்டீயரிங்கை உடலருகே இழுத்துக்கொள்ளலாம், முறுக்கினால் நிற்கும். ஆக, பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஒரே காலத்தில் ஒரே கேள்விக்கு விடை தேடின. ஓட்டுபவர்கள் எல்லோரும் ஒரே உயரமில்லை, ஒரே பருமனில்லை, ஒரே வயதில்லை. தண்டு ஏன் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்?

இவற்றில் சாகினா தண்டுதான் காலம் கடந்து நின்றது. செவ்ரலே, பான்டியாக், பியூக், ஓல்ட்ஸ்மொபைல், காடிலாக் என்று நிறுவனத்தின் எல்லாப் பெயர்களிலும் ஓடியது. ஏ.எம்.சி.யும் ஜீப்பும் கிரைஸ்லரும்கூட சாகினாவிடம் வாங்கிப் போட்டுக்கொண்டன. பல பத்தாண்டுகளுக்கு அடிப்படை அமைப்பு மாறவில்லை. "உதிரிபாகம் கிடைக்காது" என்று சொல்லி வெல்டிங்கை நியாயப்படுத்துபவர்கள் இந்த ஒரு செய்தியைக் கேட்டாலே போதும். இவ்வளவு பேர் இவ்வளவு காலம் பயன்படுத்திய ஒரு தண்டுக்குப் பாகம் கிடைக்காது என்பது தேடாதவர் சொல்லும் பேச்சு.

இனி அதன் உள்ளே போவோம். இங்கேதான் வழக்கின் தீர்ப்பு இருக்கிறது.

தண்டின் வெளிக்குழாயின் மேல்முனையில் ஒரு தாங்கி இருக்கிறது. அதைக் குழாயோடு பிடித்து வைத்திருப்பவைதான் அந்த நான்கு போல்ட்டுகள். தாங்கியின் இருபக்கமும் இரண்டு கீல் ஆணிகள். அந்த ஆணிகளின் மேல்தான் தலைப்பகுதி, அதாவது ஸ்டீயரிங்கையும் மேல் பேரிங்கையும் சுமக்கும் கூடு, முன்னும் பின்னும் சாய்கிறது. கூட்டுக்குள் இரண்டு பூட்டுக் கட்டைகள். வரிசையாக வெட்டுகள் கொண்டவை. நெம்புகோலை இழுத்தால் அவை விலகும், விட்டால் தாங்கியைக் கவ்விக்கொள்ளும். உள்ளே சுழலும் ஷாஃப்ட் கீலுக்கு நேராக இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பிரிவின் நடுவில் பிளாஸ்டிக்கால் ஆன இரண்டு அரைக்கோளங்கள், அவற்றுக்கிடையே ஒரு சின்ன ஸ்பிரிங். தலை எந்தக் கோணத்தில் சாய்ந்தாலும் சுழற்சி தடங்காமல் கீழே போவது இந்தக் கோளங்களால். அவ்வளவுதான் அதன் ரகசியம்.

இப்போது ஆட்டத்தின் காரணத்தைக் கவனியுங்கள். இந்தக் கார்களின் கதவு நீளமானது, இருக்கை தாழ்வானது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஸ்டீயரிங்கைப் பிடித்துத்தான் உடம்பைத் தூக்குகிறோம். நாற்பது, ஐம்பது ஆண்டுகள், ஒவ்வொரு பயணத்துக்கும் இருமுறை, ஒரு முழு மனித எடை அந்த நான்கு போல்ட்டுகளின் மேல் தொங்கியிருக்கிறது. அவை மரையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்குகின்றன. தாங்கி குழாயின் மேல் அசைய ஆரம்பிக்கிறது. தாங்கியோடு கூடு அசைகிறது, கூட்டோடு ஸ்டீயரிங் அசைகிறது. எதுவும் தேய்ந்து அழிந்துவிடவில்லை. எதுவும் உடையவில்லை. தளர்ந்திருக்கிறது, அவ்வளவே.

வெல்டிங் யோசனையின் அபத்தம் இந்த இடத்தில்தான் வெட்டவெளிச்சமாகிறது. வெல்டிங் வைப்பவர் எதை எதோடு சேர்க்கிறார்? வெளியே கண்ணுக்குத் தெரியும் சாய்வு மூட்டை: கூட்டையும் தாங்கியையும். ஆனால் தளர்ச்சி அதற்கும் கீழே, தாங்கிக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கிறது. மூட்டைப் பற்றவைத்தால் சாய்வு போய்விடும், ஆட்டம் அப்படியே இருக்கும். ஆட்டம் நிற்க வேண்டுமானால் தாங்கியைக் குழாயோடு பற்றவைக்க வேண்டும். அந்த இடத்துக்குக் கை போக வேண்டுமானால் கூட்டைக் கழற்ற வேண்டும். கூட்டைக் கழற்றியவர் கண் முன்னால் அந்த நான்கு போல்ட்டுகளும் இருக்கும்! வெல்டிங் பலன் தரக்கூடிய இடத்தை அடைந்தவருக்கு வெல்டிங் தேவையே இல்லை.

இது வெறும் வாதம் இல்லை. நண்பர் ஒருவர் 1972ஆம் ஆண்டு செவ்ரலே செவெல் ஒன்றை வாங்கினார். விற்றவர், "ஸ்டீயரிங் தலையை ஒரு பட்டறையில் கெட்டிப்படுத்தியாகிவிட்டது" என்று அதை ஒரு சிறப்பாகவே சொல்லியிருந்தார். ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் கைக்குள் ஒரு 'டக்'. தண்டைக் கழற்றி மேசையில் கிடத்தினோம். கூட்டுக்கும் தாங்கிக்கும் இடையே விரல் பருமனில் மூன்று வெல்டிங் கட்டிகள், சுற்றிலும் கருகிய பெயின்ட். சிக்னல் சுவிட்சின் கம்பிகளில் இரண்டு உறை உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கட்டிகளை அராவி எடுத்துக் கூட்டைப் பிரித்தபோது, உள்ளே அரைக்கோளங்களில் ஒன்று சூட்டில் வடிவமிழந்து ஒரு பக்கம் சப்பையாகக் கிடந்தது. தாங்கியின் நான்கு போல்ட்டுகளில் ஒன்றைச் சாவி போடாமல் விரலாலேயே சுற்றிக் கழற்றினார் நண்பர். வெல்டிங் வைத்தவரின் சூடு அந்த மூட்டில் இருந்த நல்லவற்றையெல்லாம் கெடுத்துவிட்டு, கெட்டிருந்த ஒன்றை மட்டும் தொடாமல் விட்டிருந்தது.

"அப்படியே ஆடட்டும்" என்பவர்களுக்கு வருகிறேன். இவர்கள் வெல்டிங்காரர்களைவிட நேர்மையானவர்கள், ஆனால் ஆபத்தில் அவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. பழைய வண்டி என்றால் ஸ்டீயரிங்கில் கொஞ்சம் ஆட்டம் சகஜம் என்பது உண்மைதான். அந்த ஆட்டம் ஸ்டீயரிங் பெட்டியிலும் சக்கர மூட்டுகளிலும் வருவது, ஸ்டீயரிங் சுழலும் திசையில் இருப்பது. நான் சொல்வது வேறு. இங்கே ஸ்டீயரிங்கைச் சுமக்கும் தலையே அசைகிறது. ஒரு போல்ட் முழுக்கக் கழன்றால் மிச்சம் மூன்றின் மேல் சுமை ஏறுகிறது. கழன்ற போல்ட் கூட்டுக்குள்ளேயே கிடந்து உருள்கிறது, நகரும் பாகங்களுக்கு நடுவே. ஷாஃப்ட் அறுபடாது, வண்டி திரும்பும் என்பதை மறுக்கவில்லை. அவசரத்தில் பிரேக் மிதித்து ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கும் நொடியில் அது கைக்குள் இரண்டு அங்குலம் கீழே இறங்கினால் ஓட்டுபவர் என்ன செய்வார்? இதை இயல்பு என்று சொல்லக் கூடாது.

எந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும், எதையும் கழற்ற வேண்டாம். இருக்கையில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே மூன்று இடங்களைப் பாருங்கள். ஸ்டீயரிங் மட்டும் அசைந்து கூடு அசையாமல் நின்றால் மேல் பேரிங்கின் வேலை அது. ஸ்டீயரிங்கும் கூடும் சேர்ந்து அசைந்து கீழே குழாய் நின்றால் கீல் ஆணியோ நான்கு போல்ட்டோ. குழாயே அசைந்தால் டாஷ்போர்டுக்கு அடியில் தண்டைத் தாங்கும் பிடியின் நட்டுகளைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல் வெல்டிங் கம்பியை எடுப்பவரை மெக்கானிக் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம். ஸ்டீயரிங் தண்டு வெறும் இரும்புக் கம்பி என்ற எண்ணம்.

1967க்கு முந்தைய அமெரிக்கக் கார்களில் அது கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. நேருக்கு நேர் மோதலில் முன்பக்கம் நசுங்கும்போது தண்டு பின்னால் தள்ளப்பட்டு, ஓட்டுபவரின் மார்பில் ஈட்டியாக இறங்கியது. எத்தனையோ பேர் அப்படி இறந்தார்கள். கார்களின் பாதுகாப்புக் குறைகளைச் சாடி 1965இல் வந்த ரால்ஃப் நேடரின் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' நூலும் அதைத் தொடர்ந்த பொதுக்கோபமும் சட்டத்தைக் கொண்டுவந்தன. 1967 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் மோதலில் மடங்கும் தண்டுகளைப் போட்டது. 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் 203, 204 இரண்டும் பயணிகள் கார்களுக்குக் கட்டாயமாயின. மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினாலும் தண்டு பின்னோக்கி 127 மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது என்றது 204ஆம் விதி. ஓட்டுபவரின் மார்பு மோதும்போது தண்டு அடிபட்டு உள்வாங்க வேண்டும் என்றது 203. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1981இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, முன்புற மோதல்களில் ஓட்டுநர் இறக்கும் அபாயத்தை இந்தத் தண்டுகள் 12 சதவீதம் குறைத்தன.

அந்த 12 சதவீதம் எதில் இருக்கிறது தெரியுமா? 1967, 1968 தண்டுகளில் வெளிக்குழாயின் ஒரு பகுதி வலைக்கண் போல வெட்டப்பட்டிருக்கும். மோதலில் அது மடிந்து சுருங்கும். 1969 முதல் வந்தவற்றில் ஒன்றுக்குள் ஒன்று செல்லும் இரு குழாய்கள், நடுவே இறுக்கமாக எஃகுக் குண்டுகள். மோதும்போது குண்டுகள் உலோகத்தில் பள்ளம் உழுதுகொண்டே போகும், அந்த உழவில் மோதலின் வேகம் கரையும். உள் ஷாஃப்டும் இரு துண்டு. இரண்டையும் பிணைத்து நிற்பவை துளைகளில் உருக்கி ஊற்றிய சிறிய பிளாஸ்டிக் ஆணிகள். தேவைப்படும் நேரத்தில் அவை அறுந்தாக வேண்டும், அதற்கு முன்னால் அறுந்துவிடக் கூடாது. ஒரு மனித உயிர் அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை நம்பியிருக்கிறது.

ஸ்டீயரிங் கழலவில்லை என்று ஷாஃப்டின் நுனியில் சுத்தியலால் அடிப்பவர் இந்த ஆணிகளைத்தான் அறுக்கிறார். தொழிற்சாலைக் கையேடுகள் "ஷாஃப்ட் முனையில் அடிக்காதே" என்று எச்சரிப்பது இதனால்தான். அடித்தவுடன் தண்டு கொஞ்சம் உள்வாங்கிவிடும், குழாய் சறுக்கத் தொடங்கும். சறுக்கலை நிறுத்த அதே கை குழாய் மூட்டிலும் ஒரு வெல்டிங் வைக்கும். அந்த நொடியில் 1972ஆம் ஆண்டுக் கார் 1962ஆம் ஆண்டுக் காராகிவிடுகிறது. ஈட்டி திரும்பி வந்துவிட்டது, ஓட்டுபவருக்கு அது தெரியாது. தலைப் பகுதியில் வைக்கும் வெல்டிங் முட்டாள்தனம் என்றால் குழாயில் வைக்கும் வெல்டிங் குற்றம்.

"புதுசு போடு" கட்சிக்கு ஒரு பத்தி போதும். சந்தையில் கிடைக்கும் புதுத் தண்டுகள் எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். மோதலில் மடங்கும் நல்லவையும் உண்டு. ஆனால் மடங்காதவையும் அதே அலமாரியில், அதே பளபளப்போடு நிற்கின்றன. புதுசு வந்தால் சிக்னல் வயரிங் மாறும், கியர் இணைப்பு மாறும், டாஷ்போர்டுப் பிடி மாறும். 1969 முதல் தண்டிலேயே இருந்து வந்த சாவித் துவாரம் வேறிடம் போகும். நான்கு போல்ட் முறுக்கினால் தீரும் குறைக்கு இத்தனை புதுக் குறைகளை விலைகொடுத்து வாங்குவது எந்தக் கணக்கில் சரி?

பழுதுபார்க்கும் முறையைச் சொல்லாமல் வாதம் மட்டும் செய்வது நியாயமில்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். ஹார்ன் மூடி, நட், பிறகு புல்லர் போட்டு ஸ்டீயரிங். 1969 முதல் வந்த தண்டில் அடுத்து ஒரு பூட்டுத் தட்டு, கீழே வலுவான ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இருக்கும். அழுத்தும் கருவியால் அமுக்கிப் பிடித்துத்தான் வளையத்தை எடுக்க வேண்டும். சிக்னல் சுவிட்சை வெளியே இழுக்கும் முன் அதன் கம்பி முனையில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள், திரும்பப் போடும்போது அந்த நூல் வழிகாட்டும். சாவிப் பூட்டை 1978 வரை ஒரு நாக்கை அமுக்கி எடுக்க வேண்டும், 1979 முதல் ஒரு திருகு. பிறகுதான் உண்மையான கவனம் தேவைப்படும் இடம் வருகிறது: சாய்வு ஸ்பிரிங். தலையை முழுக்க மேலே நிமிர்த்தி வைத்தால் அதன் விசை குறையும். பெரிய நட்சத்திர ஸ்குரூடிரைவரால் அதன் மூடியை அமுக்கித் திருப்பி, கை எடுக்காமல் மெதுவாக வெளியே விட வேண்டும். முகத்தை நேரே நீட்டக் கூடாது, பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது.

அடுத்து இரண்டு கீல் ஆணிகள். அவற்றின் உள்ளே மரை இருக்கிறது, அதில் இழுப்பானைத் திருகி நேராக வெளியே எடுக்கலாம். நெம்பினால் துளை கோணலாகிவிடும். ஆணிகள் வந்ததும் நெம்புகோலை இழுத்துப் பிடித்தபடி கூட்டை உயர்த்தினால் கையோடு வரும். கீழே நான்கு போல்ட்டுகள். சில ஆண்டுத் தண்டுகளில் பன்னிரண்டு முனைக் கொண்டை, பிந்தையவற்றில் வெளிப்புற டார்க்ஸ் கொண்டை, ஈ8 சாக்கெட் பிடிக்கும். நான்கையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். ஒன்றை எடுத்து, மரையில் உள்ள பழைய கிரீசை முழுக்கத் துடைத்து, நீல நிற மரைப்பசை ஒரு துளி தடவி, திரும்ப முறுக்கிய பிறகு அடுத்தது. இதனால் தாங்கி தன் இடத்திலிருந்து நகராது. கையோடு பூட்டுக் கட்டைகளின் வெட்டுகள் மழுங்கியிருக்கின்றனவா, அரைக்கோளங்களில் விரிசல் உண்டா என்று பார்த்துவிடலாம். கூடு திறந்திருக்கும்போது இவற்றை மாற்றுவது சல்லிசான வேலை.

"இதற்குத் தனிக் கருவிகள் வேண்டுமே" என்பது அடுத்த முணுமுணுப்பு. மூன்றுதான் வேண்டும்: புல்லர், தட்டு அமுக்கி, ஆணி இழுப்பான். அமெரிக்க உதிரிபாகக் கடைகளில் முன்பணம் கட்டினால் இவற்றை இரவலாகவே எடுத்து வரலாம். "ஸ்டீயரிங்கில் கை வைக்கும் தைரியம் எல்லோருக்கும் இருக்காது" என்ற மறுப்பு ஒன்றுதான் மதிக்கத்தக்கது. அதை முழுக்க ஏற்கிறேன். பயிற்சியில்லாதவர் திறக்க வேண்டாம். தண்டுகளைப் புதுப்பிப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், பெட்டியில் வைத்து அனுப்பலாம். ஆனால் அந்தத் தயக்கம் எப்படி வெல்டிங்குக்கு நியாயமாகும்? திறக்கப் பயப்படுபவர் சூடு வைக்க மட்டும் பயப்படாமல் இருப்பது எனக்கு விளங்கவில்லை.

"யார் தினமும் சாய்க்கப் போகிறார்கள்?" என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அது ஓட்டுபவரை மறந்த கேள்வி. ஒரே செவெலை ஆறடி உயர அப்பாவும் ஐந்தடி உயர மகளும் ஓட்டுகிறார்கள். அப்பாவுக்குச் சரியான கோணத்தில் பற்றவைத்த ஸ்டீயரிங், பெடல் எட்டுவதற்காக இருக்கையை முன்னால் தள்ளி உட்காரும் மகளின் மார்பையோ முகத்தையோ நோக்கி நிற்கும். எழுபது வயதில் முழங்கால் மடங்க மறுக்கும்போது, தலையை மேலே நிமிர்த்திக்கொண்டு இறங்க முடிவது ஒரு சொகுசு இல்லை, வண்டியைத் தொடர்ந்து ஓட்ட முடியுமா முடியாதா என்பதே அதுதான். சாகினாவில் அதை வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு உடம்புக்கும் இடம் விட்டார்கள். அதைப் பறிக்க ஒரு பட்டறைக்கு உரிமை கிடையாது.

ஏற்கெனவே பற்றவைத்த தண்டோடு கார் வாங்கியவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. தலையில் மட்டும் வெல்டிங் என்றால், அராவி எடுத்துவிட்டுக் கூடு, தாங்கி, அரைக்கோளங்கள், சுவிட்சுக் கம்பிகள் நான்கையும் மாற்றினால் தண்டு பிழைக்கும். செவெல் தண்டை அப்படித்தான் மீட்டோம். குழாயிலேயே வெல்டிங் இருந்தால் அந்தத் தண்டை எந்த விலைக்கும் வைத்திருக்கக் கூடாது. பழைய உதிரிபாகக் கிடங்கில் அதே ஆண்டு வரிசையின் தண்டைத் தேடுங்கள். வாங்குவதற்கு முன் நாடா எடுத்துக் குழாயின் நீளத்தையும் ஷாஃப்டின் நீளத்தையும் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் அது ஒருமுறை மோதிய தண்டு, அல்லது யாரோ சுத்தியலால் அடித்த தண்டு. அளவு சரியாக இருந்தால், கூடு ஆடினாலும் பரவாயில்லை, வாங்கிவிடுங்கள். ஆட்டத்துக்குத்தான் நான்கு போல்ட்டுகள் இருக்கின்றன.